ஏலியனைச் சுட்டா கோடிங் வருமா?

இன்னைக்கு கதை ஒரு காலேஜ் லேபில் தொடங்குது. என்னோட காலேஜ் லேபில்.

மூன்றாம் வருஷம், மினி புராஜெக்ட். நான் கொடுத்தது ஒரு ஸ்பேஸ் ஷூட்டர் கேம். கறுப்புத் திரை, கீழே ஒரு கப்பல், மேலே வரிசை வரிசையா ஏலியன்கள். ஸ்பேஸ் பாரை அழுத்தினா குண்டு பறக்கும். கோட் முழுக்க நெட்டில் கிடைச்சது. நான் கப்பலோட நிறத்தை மாத்தினேன், முதல் திரையில் என் பேரையும் ரோல் நம்பரையும் போட்டேன். என் பங்கு அவ்வளவுதான்.

எக்ஸ்டர்னலாக வந்த சார் இரண்டு நிமிஷம் விளையாடினார். ரசித்துத்தான் விளையாடினார். அப்புறம் கோடைத் திறக்கச் சொல்லி, ஒரு வரி மேல விரலை வெச்சு, "இதை எடுத்துட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியலை. குத்துமதிப்பா, "எரர் வரும் சார்" என்றேன். அவர் அந்த வரியை அழிச்சிட்டு ரன் பண்ணினார். எரர் வரலை. கேம் ஜம்முனு ஓடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லாமல் மார்க் போட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

மார்க் நல்ல மார்க்தான். ஆனா அந்த வரி என்ன பண்ணுச்சுன்னு ரொம்ப நாள் நான் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்க வெட்கமா இருந்துச்சு. அந்த வரி என்னன்னு எபிசோட் கடைசியில் சொல்றேன்.

இது ஏன் இப்போ ஞாபகம் வந்ததுன்னா, இந்த லீவுல என் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பதிமூணு வயசு. கேம் பண்ணக் கத்துக்கணும்னு ஆசை. நானும் ரொம்ப தெரிஞ்ச மாதிரி, "வா, ஸ்பேஸ் ஷூட்டர்ல ஆரம்பிக்கலாம்" என்றேன். பத்து வரி டைப் பண்ணியிருப்பான். நிறுத்திட்டு என்னைப் பார்த்தான். "சித்தி, இதை ஏஐ-கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல முழுசா குடுத்துடும். அப்புறம் நான் ஏன் டைப் பண்ணணும்?"

காப்பியடிச்சு மார்க் வாங்கின ஆள் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பதில் சொல்றது? ஆனா அந்தக் கேள்வி மனசுல தங்கிடுச்சு. கேம் புரோகிராமிங் சொல்லித்தர எத்தனையோ புத்தகங்கள், எத்தனையோ வகுப்புகள் இந்த ஒரே கேமை ஏன் பிடிச்சிட்டுத் தொங்குதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, கதை 60 வருஷத்துக்கு மேல பின்னாடி போகுது.

ஆப்பும் ஊசியும்

1961. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரம், எம்ஐடி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக் என்ற கம்பெனி, தன்னுடைய புது கம்ப்யூட்டரான பிடிபி-1-ஐ அங்கே கொண்டுவந்து வைக்கிறது. அன்றைய விலை சுமார் 1,20,000 டாலர். மெமரி 4,096 சொற்கள், ஒரு சொல்லுக்கு 18 பிட். நம்ம கணக்குக்கு மாத்தினா 9 கிலோபைட். காலையில் குடும்ப குரூப்பில் வர்ற 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் ஒண்ணுகூட அதில் அடங்காது.

ஆனா அந்த மெஷினில் ஒரு விஷயம் இருந்தது. வட்டமான ஒரு திரை. புள்ளி புள்ளியா படம் காட்டும். அட்டையைக் கொடுத்துட்டு மறுநாள் ரிசல்ட் வாங்குற கம்ப்யூட்டர் இல்லை; எதிரே உட்கார்ந்து நேரடியாகப் பேசலாம்.

ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் வீட்டனன் என்று மூன்று இளைஞர்கள். மூணு பேருக்கும் இ. இ. ஸ்மித் எழுதிய விண்வெளிச் சாகச நாவல்கள் மேல பைத்தியம். இந்தத் திரையை வெச்சு என்ன பண்ணலாம்னு பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. தாங்கள் செய்யப்போவது இந்த கம்ப்யூட்டரின் திறமையை எல்லாம் பிழிந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேற மாதிரி நடக்க வேண்டும். பார்க்கிறவர் சும்மா நிற்காமல் உள்ளே வந்து கலந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தா, அது ஒரு கேம். இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் கேம். பேர் ஸ்பேஸ்வார்.

எழுதவேண்டியவர் ரஸ்ஸல். அவர் என்ன செய்தார் தெரியுமா? நம்மள மாதிரியே தள்ளிப்போட்டார். கேட்டவங்களுக்கு ஒரு காரணமும் வெச்சிருந்தார்: சைன், கொசைன் கணக்குப் போடுற ருட்டீன் இல்லை, அதனால் ஆரம்பிக்க முடியலை. கப்பல் ஒரு கோணத்தில் திரும்பி நகரும்போது, பக்கவாட்டில் எவ்வளவு, மேலே எவ்வளவுன்னு பிரிக்க அது வேணும், நியாயமான காரணம்தான். ஆலன் கோட்டோக் என்ற நண்பர் டெக் கம்பெனிக்கே போய், அந்த ருட்டீன் இருக்கும் காகித டேப்பை வாங்கிட்டு வந்து ரஸ்ஸல் முன்னாடி வெச்சார். அதுக்கு மேல சொல்ல சாக்கு இல்லை. பிளஸ் டூவில் "இந்த சைன் தீட்டா எங்கே சார் உதவப்போகுது?" என்று கேட்ட எல்லாருக்கும் இந்தச் சம்பவம் சமர்ப்பணம்.

1962-இன் தொடக்கத்தில் கேம் ஓடியது. சுமார் 200 மணி நேர வேலை. இரண்டு கப்பல்கள். ஒன்று குண்டாக இருந்ததால் அதற்கு ஆப்பு என்று பெயர். இன்னொன்று ஒல்லி, அது ஊசி. ஆப்பு யாருக்குன்னு அன்னைக்கும் சண்டை நடந்திருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். கேம் முடிஞ்சுதுன்னு யாரும் பூட்டி வைக்கலை. பீட்டர் சாம்சன் என்பவருக்குப் பின்னணியில் இருந்த நட்சத்திரங்கள் பிடிக்கலை. கண்டபடி தூவிய புள்ளிகள் அவை. நிஜ வானத்து நட்சத்திரங்களை அதனதன் இடத்தில், அதனதன் வெளிச்சத்தில் காட்டும்படி ஒரு புரோகிராம் எழுதிச் சேர்த்தார். டேன் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவில் ஒரு சூரியனை வைத்து, அதற்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். சும்மா சுட்டுக்கிட்டிருந்த ஆட்டம், யோசிச்சு ஆடுற ஆட்டமாக மாறியது. கிரேட்ஸ் ஒரு தப்பிக்கும் வழி சேர்த்தார்: மாட்டிக்கிட்டா கப்பல் மறைஞ்சு எங்கேயாவது போய் முளைக்கும். எங்கே முளைக்கும்னு சொல்ல முடியாது. கம்ப்யூட்டரின் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்ததால், கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் தனியாக ஆட்டப் பெட்டிகளே செய்தார்கள்.

ஒரு சின்ன விஷயம். கப்பல்களைச் சூரியன் இழுக்கும், குண்டுகளை இழுக்காது. எல்லாக் குண்டுக்கும் ஈர்ப்புக் கணக்குப் போட மெஷினுக்கு நேரம் பத்தலை. அதனால் அந்தக் குண்டுகள் வேற ரகம், ஒளியால் ஆனவைன்னு கதை கட்டிட்டாங்க.

இதை விற்கவில்லை. இந்த மெஷினே உலகத்தில் சில டஜன்தான் இருந்தது, யாருக்கு விற்பது? கேட்டவர்களுக்கெல்லாம் டேப்பைக் கொடுத்தார்கள். டேப் வேற பல்கலைக்கழகங்களுக்குப் போனது. போன இடத்தில் எல்லாம் திறந்து படித்தார்கள், மாற்றினார்கள். புது மெஷின் சரியாக இயங்குதான்னு பார்க்க டெக் கம்பெனியே இந்த கேமை ஓட்டிப் பார்த்தது. இது பாடம் நடத்தணும்னு எழுதின கேம் இல்லை. ஆனா ஒரு தலைமுறை புரோகிராமர்கள் இதைப் பிரிச்சுப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்க.

55 ஏலியன்கள்

அடுத்து 1978, ஜப்பான். டைட்டோ கம்பெனியில் டொமோஹிரோ நிஷிகாடோ. இவர் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸைத்தான் நாம 'பழைய ஸ்பேஸ் கேம்' என்றதும் மனசுல பார்க்கிறோம். 11 பத்தி, 5 வரிசை, மொத்தம் 55 ஏலியன்கள். பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தில் முட்டினதும் ஒரு படி கீழே இறங்கும்.

விளையாடியவர்களுக்குத் தெரியும்: ஏலியன்கள் குறையக் குறைய மிச்சம் இருக்கிறது வேகமாகும். கடைசி ஒண்ணு பேய் மாதிரி ஓடும். இதைத் திட்டமிட்டுச் செய்ததாகத்தான் நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். விஷயம் வேற. உள்ளே இருந்தது 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080. எல்லா ஏலியன்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதுக்குத் தெம்பு இல்லை. அதனால் ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஏலியனை மட்டும் நகர்த்தும். ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம். 55 பேரும் ஒரு அடி வைக்க கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். பாதிப் பேரைச் சுட்டுட்டா அரை விநாடி போதும். ஒரே ஒருத்தன் இருந்தா ஒவ்வொரு ஃபிரேமும் அவன் முறைதான். வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரும் எழுதலை. நிஷிகாடோ கவனித்தார், இது நல்லாருக்கேன்னு அப்படியே விட்டுவிட்டார்.

இதை அக்கா பையன்கிட்ட சொன்னபோதுதான் முதல் தடவையா போனைக் கீழே வெச்சான். "அப்போ அது பக்-ஆ சித்தி?" என்றான். பக் இல்லடா, மெஷினோட குறை. அந்தக் குறையில் கேம் இருந்ததை ஒருத்தர் கண்டுபிடிச்சார்.

புத்தகத்தில் வந்த கேம்கள்

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காசு போட்டு ஆடுறது. உள்ளே என்ன இருக்குன்னு ஆடுறவனுக்குத் தெரியாது. ஆனா அதே காலத்தில் வீட்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அதோட சேர்ந்து ஒரு விசித்திரமான பொருளும் வந்தது: கேம் அச்சடிச்ச புத்தகம். சிடி இல்லை, டவுன்லோட் இல்லை. வரி வரியா பேசிக் மொழியில் கோட் இருக்கும். நீங்கதான் பார்த்துப் பார்த்து டைப் பண்ணணும். டேவிட் ஆல் 1973-இல் '101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' என்று ஒன்று தொகுத்தார். 1978-இல் வந்த அதன் மறுபதிப்பு, பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் கம்ப்யூட்டர் புத்தகம் ஆனது.

பிள்ளைகளுக்காகவே, சொல்லிக்கொடுக்கவே வந்த ஒன்று: 1982-இல் பிரிட்டனின் அஸ்போர்ன் பதிப்பகம் வெளியிட்ட 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்கேம்ஸ்'. டேனியல் ஐசமன், ஜென்னி டைலர் இருவரும் எழுதியது. பக்கம் முழுக்க வண்ண ஓவியம்: பயங்கரமான ஏலியன், வெடிக்கிற கப்பல். திரையில் வரப்போறது வெறும் எழுத்துதான். ஓவியத்தைப் பார்த்து மீதியை மனசுல நாமே வரைஞ்சுக்கணும்.

அதில் 'ஈவில் ஏலியன்' என்று ஒரு கேம். எல்ரான் என்ற ஏலியன் கண்ணுக்குத் தெரியாம ஒரு முப்பரிமாணக் கட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கான். மூன்று திசையிலும் 0 முதல் 9 வரை எண்கள். ஆக 1,000 இடங்கள். உங்ககிட்ட 4 குண்டுதான். ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று எண் கொடுக்கணும். தவறினா, வடக்கே போச்சு, கிழக்கே போச்சு, இன்னும் தூரம் பத்தலைன்னு கம்ப்யூட்டர் துப்பு கொடுக்கும்.

1,000 இடம், 4 குண்டு. அநியாயமா தெரியுதுல்ல? யோசிங்க. ஒரு திசையில் 10 எண்கள். நடுவுல ஒரு எண்ணைச் சொல்றீங்க. துப்பு கிடைச்சதும் பாதி காலி. திரும்ப நடுவுல; அதிலும் பாதி காலி. இப்படி நாலு தடவையில் 10-க்குள்ள எந்த எண்ணையும் நிச்சயமா பிடிச்சிடலாம். மூன்று திசைக்கும் ஒரே நேரத்தில் துப்பு வருவதால், நாலாவது குண்டில் எல்ரான் எங்கே இருந்தாலும் காலி. காலேஜில் பைனரி சர்ச்சுன்னு போர்டுல எழுதி நம்மைத் தூங்கவெச்சாங்களே, அதுதான் இது. பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தப் பேர் தெரியவே வேண்டாம். ஏலியனைச் சுட்டா போதும்.

கோட் பக்கத்திலேயே எந்த வரி என்ன பண்ணுதுன்னு விளக்கம் இருக்கும். கூடவே ஒரு புதிரும் இருக்கும்: இந்த கேமில் இதை மாத்த முடியுமா, பார். அஸ்போர்ன் இந்தப் பழைய புத்தகங்களை இப்போ இலவச பிடிஎஃப்-ஆகவே கொடுக்குது.

டைப் பண்ணும்போது என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? தப்பு நடக்கும். பூஜ்யத்துக்குப் பதிலா ஓ. ஒரு கமா விட்டுப்போகும். ரன் பண்ணினா திரை முறைக்கும். அப்போ வேற வழியே இல்லாம ஒவ்வொரு வரியா படிக்கணும். அந்தத் தலைமுறையில் பல பேர் படிக்கக் கத்துக்கிட்டது அங்கேதான்.

இந்தப் புத்தகத்து கேம்கள் ஓடிய மெஷின்களில் ஒன்று பிபிசி மைக்ரோ. 1984-இல் நம்ம ஊர்ப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு கிளாஸ் திட்டம் தொடங்கியபோது வந்து இறங்கியதும் அதே பிபிசி மைக்ரோதான். உங்க வீட்டில் பெரியப்பா, அத்தை யாராவது அந்த வருஷங்களில் ஸ்கூல் படிச்சிருந்தா கேட்டுப் பாருங்க. செருப்பைக் கழட்டிவெச்சிட்டு ஏசி ரூமுக்குள்ள போன கதை ஒண்ணு நிச்சயம் வரும்.

ஏன் இதே கேம்?

இப்போ 2015-க்கு வருவோம். எரிக் மாத்தெஸ், அலாஸ்காவில் ஹைஸ்கூல் டீச்சர். 'பைதான் கிராஷ் கோர்ஸ்' என்று புத்தகம் எழுதுகிறார். மொழியின் அடிப்படை முடிஞ்சதும் முதல் புராஜெக்ட் என்ன? 'ஏலியன் இன்வேஷன்'. கப்பல், குண்டு, ஏலியன் கூட்டம். மூன்று அத்தியாயம். அக்கா பையனுக்கு நான் திறந்து வெச்சதும் அந்தப் புத்தகத்தைத்தான்.

37 வருஷம் கழிச்சும் ஏன் இதே கேம்? டைப் பண்ணிப் பார்த்தா புரியும். கப்பல்னா ஒரு பொருள். அது எங்கே இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கணும். குண்டுன்னா ஒரு பட்டியல், சேர்க்கணும், எடுக்கணும். ஏலியன் கூட்டம்னா லூப்புக்குள்ள லூப். குண்டு பட்டுச்சான்னு பார்க்கிறது இரண்டு செவ்வகம் ஒண்ணு மேல ஒண்ணு விழுதான்னு பார்க்கிறது. இது எல்லாத்தையும் சுத்தி ஒரு பெரிய லூப்: என்ன பட்டன் அழுத்தினாங்க, என்ன மாறுச்சு, திரும்ப வரை. உங்க போனில் இருக்கிற பெரிய பெரிய கேம்களுக்கும் அடியில் இதே லூப்தான் சுத்துது. மனுஷ உருவத்துக்குக் கை கால் அசைவு வரையணும், காருக்கு ரோடு வரையணும். விண்வெளிக்குக் கறுப்பு போதும். ஆரம்பிக்கிறவனுக்கு இதைவிட மலிவான உலகம் கிடைக்காது.

அந்த வரி

சரி, பையன் என்ன ஆனான்? ஏஐ-கிட்ட கேட்கட்டும்னு விட்டுட்டேன். உண்மையா சொல்றேன், அது நல்லாவே எழுதிக் கொடுத்துச்சு. ரெண்டு நாள் விளையாடினான். மூணாவது நாள், ஒரே நேரத்தில் மூணு குண்டுதான் சுட முடியுதுன்னு எரிச்சல். மெஷின் கன் மாதிரி வேணுமாம். இதையும் அதுகிட்டயே கேளுன்னு சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்லலை. "அந்த மூணுங்கிறது எங்கேயாவது எழுதியிருக்கும்ல, தேடு" என்றேன்.

தேடினான். மூணை ஒரு லட்சம் ஆக்கினான். பட்டனை அழுத்திப் பிடிச்சா ஃபிரேமுக்கு ஒரு குண்டு பறக்கிற மாதிரியும் மாத்தினான். அந்த நோண்டலில் வேற என்னவோ ஒரு வரி அவன் கையாலேயே அழிஞ்சு போயிருக்கு. கவனிக்கலை. கேம் ஓடுச்சு, எரர் இல்லை. ஒரு நிமிஷம் கழிச்சு திணற ஆரம்பிச்சுது. கப்பல் விட்டு விட்டு நகருது. லேப்டாப் ஃபேன் கத்துது. திரையில் பார்த்தா ஏலியன் பாதி காலி, பெரிசா ஒண்ணும் இல்லை.

"பட்டியல்ல எத்தனை குண்டு இருக்குன்னு பிரிண்ட் பண்ணிப் பாரு" என்றேன். பண்ணினான். 4,000-க்கு மேல காட்டுது. கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம்தான். "மீதி எங்கே சித்தி?"

மீதி மேலே போயிட்டிருக்கு. திரையோட உச்சியைத் தாண்டி, யாருக்கும் தெரியாம, இன்னும் மேலே மேலே. ஒவ்வொரு ஃபிரேமும் கம்ப்யூட்டர் அந்த 4,000 குண்டையும் நகர்த்தி, ஒவ்வொண்ணும் ஏலியன் மேல பட்டுச்சான்னு கேட்டுக்கிட்டிருக்கு. திரையை விட்டு வெளியே போன குண்டைப் பட்டியலில் இருந்து எடுத்துடுன்னு ஒரு வரி இருக்கணும். அதுதான் அழிஞ்சு போனது.

சார் என் லேபில் அழிச்சதும் அதே வேலையைச் செய்யும் வரிதான். எரர் வராது. ரெண்டு நிமிஷம் மெதுவா விளையாடுற எக்ஸ்டர்னல் முன்னாடி ஒண்ணும் தெரியாது. அவர் கேட்டதுக்கு, "உடனே ஒண்ணும் ஆகாது சார், போகப் போகத் திணறும்" என்று சொல்லியிருக்கணும். எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

பையன் அந்த வரியைத் தானே எழுதினான். முதல் தடவை தப்பா எழுதி, சுட்ட உடனே குண்டு மறைஞ்சுது. பெரிசு, சிறுசு குறியைத் திருப்பிப் போட்டிருந்தான். அதையும் அவனே கண்டுபிடிச்சான். அன்னைக்கு ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணி, 4,000 குண்டு கதையைத் தனக்கு மட்டுமே தெரிஞ்ச ரகசியம் மாதிரி சொல்லிக்கிட்டிருந்தான்.

"நான் ஏன் டைப் பண்ணணும்"னு கேட்டானே, அதுக்கு என்கிட்ட இப்பவும் முழு பதில் இல்லை. முழுசா டைப் பண்ணணும்னு அவசியம் இல்லையோ என்னவோ. ரஸ்ஸலும் சைன் கொசைனைத் தானே எழுதலையே, டேப்பில் தான் வந்துச்சு. ஆனா சாம்சனுக்கு நட்சத்திரம் பிடிக்கலைன்னதும், உள்ளே போய் மாத்த முடிஞ்சுது. நான் காலேஜில் வாங்கினதும் அவன் ஏஐ-கிட்ட வாங்கினதும் ஒண்ணுதான். அவனுக்கு ஒண்ணு பிடிக்கலை, உள்ளே போனான். நான் நிறத்தை மட்டும் மாத்திட்டு வெளியே வந்துட்டேன்.

உங்க யாருக்காவது இந்த மாதிரி, ஓடுது ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியாத கோட் ஒண்ணு எங்கேயாவது கிடந்தா, இந்த வாரம் திறந்து ஒரு வரியை அழிச்சுப் பாருங்க. பேக்கப் எடுத்துட்டு, ஆபீஸ் சர்வரில் வேண்டாம். என்ன ஆச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். வணக்கம்.